அக்காள் இல்லாத வார்டு: மாவோரிச் செவிலியரின் நூற்றாண்டு

மாவோரி மொழியின் உறவுச் சொற்கள், தமிழைப் போலவே, உடன்பிறந்தாரை மூத்தவர், இளையவர் எனப் பிரித்தே அழைக்கின்றன. ஒரு பெண்ணுக்கு அவளுடைய அக்காளும், ஓர் ஆணுக்கு அவனுடைய அண்ணனும் ‘துவாகனா’ ஆவர். பெண்ணின் தங்கையும் ஆணின் தம்பியும் ‘தெய்னா’ எனப்படுவர். இந்த முறை ஒரே வீட்டோடு நின்றுவிடாமல் பங்காளிகள் வரை நீள்வதால், மூத்த கிளையில் பிறந்த இளைஞர் இளைய கிளையில் பிறந்த முதியவருக்குத் துவாகனா ஆவதுண்டு. வயதில் சிறியவர் முறையில் சித்தப்பா ஆகிவிடும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இது விளங்குவதில் சிரமம் இராது. நியூசிலாந்தின் மருத்துவமனைகளிலும் செவிலியர் கல்லூரிகளிலும், அனுபவமுள்ள மாவோரிச் செவிலியர் ஒருவர் புதிதாக வந்தவருக்குத் துணைநின்று தொழிலைப் பழக்கும் ஏற்பாட்டுக்கு இன்று இந்த உறவின் பெயரே வழங்குகிறது. பெயர் மிகப் பழையது. மருத்துவமனைக்குள் அது நுழைந்தது அண்மையில்தான். மாவோரிப் பெண்கள் செவிலியர் பயிற்சிக்கு வரத் தொடங்கிய பின் கழிந்த முதல் எண்பது ஆண்டுகளை ஆராயும்போது, எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கைக் காட்டிலும், இடம் கிடைத்தவளுக்கு முன்னால் அங்கே மூத்தவள் ஒருத்தி இருந்தாளா என்ற கேள்வியே அதிகம் விளக்குகிறது.

1840-இல் பிரித்தானிய அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, போர், நிலப்பறிப்பு, புதிய தொற்றுநோய்கள் ஆகியவற்றால் மாவோரி மக்கள்தொகை தொடர்ந்து சரிந்து, 1896-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 42,000 என்ற அடிமட்டத்தைத் தொட்டது. அந்த இனமே அழிந்துவிடும் என்று குடியேறிய ஐரோப்பியர் பலர் வெளிப்படையாகவே எழுதிய காலம் அது. இதற்கு எதிராக மாவோரி இளைஞர்களிடையே எழுந்த சீர்திருத்த இயக்கத்துக்குத் தே அவுத்தே கல்லூரியின் மாணவர் சங்கம் மையமாக இருந்தது. 1897-இல் அச்சங்கம் கூட்டிய மாநாட்டில்தான் மாவோரிப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. யோசனை மாவோரிகளிடமிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. பின்னாளில் அது அரசின் கொடையாகவே பேசப்பட்டது.

கல்வித் துறை அதை ஏற்று, 1898 முதல் நேப்பியர் நகரிலிருந்த ஹுகாரெரே, புனித சூசையப்பர் ஆகிய மாவோரிப் பெண்கள் பள்ளிகளின் மாணவியருக்கு உதவித்தொகை வழங்கியது. இவர்கள் பள்ளி விடுதியில் தங்கி, பகலில் மட்டும் நேப்பியர் மருத்துவமனைக்குச் சென்று ஓராண்டு வேலை பழகினார்கள். முழுத் தகுதி பெற்ற செவிலியரை உருவாக்குவது தொடக்கத்தில் திட்டத்தின் நோக்கமாகவே இல்லை. ஊர் திரும்பி மணம் முடித்து, தூய்மையையும் நோய்த்தடுப்பையும் தம் இனத்தாரிடம் பரப்பும் இல்லத்தரசிகளே அரசுக்குத் தேவைப்பட்டனர். இதற்கிடையே 1901-இல் நியூசிலாந்து, செவிலியர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடாகியது. மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சியும் அரசுத் தேர்வும் இன்றிப் பதிவேட்டில் பெயர் ஏறாது என்ற நிலை வந்ததும், ஓராண்டுப் பகல் மாணவியர் தொழிலின் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களாயினர். 1905-க்குப் பிறகே உதவித்தொகை முழுப் பயிற்சிக்கும் நீட்டிக்கப்பட்டது. அப்போதும் மருத்துவமனை வாரியங்கள் பல மாவோரிப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கியதால், சேர்ந்தவர்கள் ஆங்காங்கே ஒருவராகவும் இருவராகவும் சிதறிப் போனார்கள்.

அக்காலத்து மருத்துவமனைக்குள்ளும் ஒரு மூப்பு வரிசை இருந்தது. மேட்ரனுக்குக் கீழே வார்டு சிஸ்டர், அவருக்குக் கீழே பயிற்சி முடித்த செவிலியர், கடைசியில் பயிற்சிப் பெண்கள் என அமைந்த இந்த வரிசை, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் மரபிலிருந்து வந்தது. இளையவள் மூத்தவளைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் மாவோரிப் பெண்ணுக்கு அந்த வரிசையில் மேலே நின்றவர்கள் அனைவரும் ‘பாக்கெஹா’ எனப்படும் ஐரோப்பிய வழியினர். அவள் கற்க வேண்டியிருந்தவற்றுள் சில, அவள் வளர்ந்த முறைக்கு நேர் எதிரானவை. மாவோரி வாழ்வில் ‘தாப்பு’ என்பது புனிதமும் விலக்கும் சேர்ந்த ஒரு நிலை. பொலினீசிய மொழிகளின் இந்தச் சொல்தான் ஐரோப்பியரின் வழியே உலக மொழிகளில் ‘டாபூ’ எனப் பரவியது. இதைத் தமிழில் ‘தீட்டு’ என்று பெயர்த்தால் பாதி பொருளே கிடைக்கும், ஏனெனில் தலைவனின் உடலுக்கும் பிணத்துக்கும் அது ஒருங்கே பொருந்துகிறது. தலை தாப்பு உடையது. உணவு அதன் எதிர்நிலையான ‘நோவா’, அதாவது விலக்கு நீங்கிய பொதுநிலை. ஆகவே தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு அண்டக் கொடுப்பதும், உணவு வைக்கும் மேசையில் உடற்கழிவுக் கலத்தை வைப்பதும், வீட்டில் யாரும் செய்யத் துணியாத செயல்கள். வார்டிலோ இவை அன்றாட வேலையின் பகுதி. இறந்தவரின் உடலைத் தொட்டுச் சீர்செய்வதும், அதே அறையில் அடுத்த நோயாளியைப் படுக்க வைப்பதும் அப்படியே. அங்கே நோயாளி முறையிட்டாலும் இவள் முறையிட இயலாது. ஏனெனில் அந்த முறைகளைக் கைவிட்டவள் என்பதே அவளுக்கு அங்கே இடம் கிடைத்ததன் காரணம்.

இத்தலைமுறையில் நன்கு அறியப்பட்டவர் அகெனெஹி ஹெய். பிளெண்டி விரிகுடாக் கரையிலுள்ள தே காஹாவில் 1870-களின் இறுதியில் பிறந்து, நேப்பியரில் புனித சூசையப்பர் பள்ளியில் படித்து, வாங்கனுய் மருத்துவமனையில் முழுப் பயிற்சி முடித்த இவர், 1908-இல் செவிலியர் பதிவேட்டில் இடம் பெற்றதோடு மகப்பேற்றுச் செவிலியராகவும் தகுதி பெற்றார். அரசு அவரை டைபாய்டு பரவிய மாவோரிக் குடியிருப்புகளுக்கு அனுப்பியது. நல்ல நீரோ கழிப்பிடமோ இல்லாத, நிலம் பறிபோனதால் வறுமைப்பட்ட ஊர்களில் அக்காய்ச்சல் ஆண்டுதோறும் தலைகாட்டியது. செவிலியர் பலவேளை கூடாரம் அடித்து, நோயுற்றோரை அங்கே கிடத்திப் பராமரித்தனர். முந்தைய ஆண்டான 1907-இல்தான், ‘தொஹுங்கா’ எனப்படும் மரபு மருத்துவர், பூசாரிகளின் தொழிலைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. அச்சட்டம் 1962 வரை நீடித்தது. எனவே ஊராரின் கண்ணில் இந்தப் பெண், தம் இனத்தவள் என்பதோடு, தம் வைத்தியரைக் குற்றவாளியாக்கிய அரசின் ஆளாகவும் தெரிந்தாள். இரு பக்கத்து ஐயங்களுக்கும் நடுவே நிற்பது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர, அந்த வேலையை முன்பே செய்து பார்த்தவர் யாரும் இல்லை. 1910-இல் கிஸ்பர்ன் நகரில் தம் குடும்பத்தினர் டைபாய்டில் விழுந்தபோது அவர்களைப் பராமரிக்கச் சென்ற அகெனெஹி, அதே நோய் தொற்றி நவம்பர் மாத இறுதியில் இறந்தார். பதிவு பெற்று இரண்டே ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

மருத்துவமனைகளின் உதவி ஆய்வாளராக இருந்த ஹெஸ்டர் மெக்லீன் 1908-இல் தொடங்கிய செவிலியர் இதழுக்குக் ‘காய் தியாக்கி’, அதாவது ‘காப்பவர்’, என்று மாவோரிப் பெயரே சூட்டினார். பெயர் மாவோரி, வாசகியர் அநேகமாக அனைவரும் பாக்கெஹா. 1911-இல் சுகாதாரத் துறை மாவோரிக் குடியிருப்புகளுக்கெனத் தனிச் செவிலியர் சேவையை அமைத்து, அமேலியா பாக்லி என்பவரிடம் அதன் ஒழுங்கமைப்பை ஒப்படைத்தபோதும் இதுவே நிகழ்ந்தது: தகுதி பெற்ற மாவோரிப் பெண்கள் போதாமையால் அச்சேவையில் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களே அமர்த்தப்பட்டனர். அவர்களுள் மொழி கற்று, குதிரை மீதேறி மலையூர்களுக்குச் சென்று உழைத்தவர்கள் உண்டு; அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரு தலைமுறை மாவோரிச் செவிலியர் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்கும் சங்கிலி உருவாகும் முன்பே அதன் கண்ணிகள் விடுபட்டுப் போனதற்கு இந்த நியமனங்களும் ஒரு காரணம்.

சங்கிலி மருத்துவமனைக்கு வெளியே வேறு வடிவில் வளர்ந்தது. வைக்காத்தோ பகுதியின் மாவோரி அரச குடும்பத்தைச் சேர்ந்த தே புவேயா, செவிலியர் பயிற்சி எதுவும் பெறாதவர், 1913-இல் பெரியம்மை பரவியபோது நோயாளிகளுக்கெனக் குடில்கள் அமைத்துத் தாமே பராமரித்தார்; 1918-ஆம் ஆண்டின் இன்புளுவென்சா, 50,000 பேரளவே இருந்த மாவோரி மக்களில் 2,500 பேர் வரை கொன்று தீர்த்தபோது, அனாதைகளான குழந்தைகளை எடுத்து வளர்த்தார். நாட்டின் ஐரோப்பிய வழியினரோடு ஒப்பிட்டால் மாவோரிகளின் இறப்பு வீதம் ஏறத்தாழ எட்டு மடங்கு. தம் மக்கள் அச்சமின்றி வந்து படுக்கக்கூடிய மருத்துவமனையாக விளங்கட்டும் என்று தே புவேயா எழுப்பிய மகினாராங்கி மாளிகை 1929-இல் திறக்கப்பட்டது. ஆனால் அதை மருத்துவமனையாக நடத்த அதிகாரிகள் இசையவில்லை. செதுக்குவேலை மிகுந்த அந்தக் கட்டடம் விருந்தினரை வரவேற்கும் மாளிகையாயிற்று. பிறகு 1937-இல் ரோட்டோருவா வட்டாரத்தில் மாவோரிப் பெண்களின் சுகாதாரச் சங்கமும், 1951-இல் பினா கூப்பரைத் தலைவராகக் கொண்டு மாவோரி மகளிர் நல லீக்கும் தோன்றின. தாய்மார் கூடி ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்ட இந்த அமைப்புகளில் செவிலியரும் உறுப்பினராக இருந்ததால், வார்டில் கிடைக்காத மூத்தோர் துணை அவர்களுக்கு இங்கே கிடைத்தது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாவோரி மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் பயிற்சிக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை கூடியது. எனினும் கூட்டமாகச் சேர்ந்து பேச அவர்களுக்கென ஓர் இடம் அமைய 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மாவோரிச் செவிலியர் தேசியக் கவுன்சில் நிறுவப்பட்டது. இத்தகைய கூடல் ‘ஹுயி’ எனப்படும். ஹுயியில் நிகழ்ச்சி நிரலை விட உறவு கூறி அறிமுகமாவதற்கே முதலிடம்: எந்த மலை, எந்த ஆறு, எந்தக் குலம் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, அறையில் யார் யாருக்குத் துவாகனா என்பது தானே புலனாகிவிடும். பதிவேட்டு எண்ணால் அடையாளம் காணப்பட்டு வந்தவர்கள் தொழிலின் பெயரால் கூடிய இடத்திலேயே மறுபடியும் உறவினர் ஆனார்கள்.

ஏறத்தாழ இதே காலத்தில் நலம் என்பதற்கான விளக்கமும் மாறிக்கொண்டிருந்தது. மனநல மருத்துவரான மேசன் டூரி, 1980-களின் தொடக்கத்தில், மாவோரி மகளிர் நல லீக்கின் உடல்நல ஆய்வையொட்டி ‘தே ஃபாரே தாப்பா ஃபா’ என்ற கருத்தை முன்வைத்தார். ‘நான்கு பக்கம் கொண்ட வீடு’ என்று அதற்குப் பொருள். உடல், உள்ளம், ஆன்மா, குடும்பம் ஆகிய நான்கும் சுவர்களாக நிற்க, எது சாய்ந்தாலும் வீடு சாயும் என்பது இதன் சாரம். நோயாளிகளுக்காகப் பாடநூலில் ஏறிய இந்த வீட்டை மாவோரிச் செவிலியர் தம்மை நோக்கியும் திருப்பிப் பார்த்தனர். சம்பளமும் சீருடையும் உடலைக் காக்கலாம். குடும்பத்திலிருந்தும் ஆன்ம நெறியிலிருந்தும் துண்டித்துக்கொண்டுதான் வேலை பார்க்க முடியுமென்றால், வேலை பார்ப்பவளின் வீட்டில் இரு சுவர்கள் இல்லை.

1988-இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூடிய ஹுயி ஒன்றில் இந்த உணர்வு கேள்வியாக வெடித்தது. சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு, சிகிச்சையில் பாதுகாப்பு என்றெல்லாம் ஆசிரியர்கள் பேசுகிறார்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று முதலாண்டு மாவோரி மாணவி ஒருவர் எழுந்து கேட்டார். அதைச் செவிமடுத்து ஒரு கொள்கையாக வளர்த்தவர் இரிஹாபெத்தி ராம்ஸ்டன். 1946-இல் வெலிங்டனில் பிறந்து, அந்நகர மருத்துவமனையிலேயே பயிற்சி பெற்று, பின்னர் கல்வித் துறையில் பணியாற்றிய இவர், 1990-இல் ‘காவா ஃபகாருருஹாவ்’ என்ற வழிகாட்டு நெறிகளை வகுத்தார்; ‘அடைக்கலம் தரும் முறைமை’ என்று அப்பெயரை விரிக்கலாம். இதன் வழியே உலகுக்கு அறிமுகமான ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’, பிற இனத்தாரின் பழக்கங்களைப் பட்டியலிட்டுக் கற்பதை ஏற்கவில்லை. செவிலியர் தமது சொந்தப் பண்பாட்டையும், நோயாளியின் மீது தமக்குள்ள அதிகாரத்தையும் முதலில் உணர வேண்டும் என்றது. தரப்பட்ட சேவை பாதுகாப்பானதா என்று தீர்ப்பளிக்கும் உரிமையைச் சேவை பெற்றவரிடம் வைத்தது. இன்று கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நோயாளி உரிமையாகப் பேசப்படும் இக்கருத்து, ஒரு பயிற்சி மாணவி தன்னைப் பற்றிக் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது என்பது பெரும்பாலான பாடநூல்களில் ஓரிரு வரியோடு கடந்துபோகிறது. கேட்டவள் முதலாண்டு மாணவி, அதாவது தெய்னா. விடையைத் தேடிப் பத்தாண்டுக்கு மேல் உழைத்தவர் துவாகனா. மாவோரி மொழியில் ‘அக்கோ’ என்ற ஒரு சொல் கற்றலையும் கற்பித்தலையும் ஒருங்கே குறிக்கும்.

1992-இல், செவிலியர் பதிவுக்குப் பொறுப்பான நியூசிலாந்துச் செவிலியர் கவுன்சில் பண்பாட்டுப் பாதுகாப்பைப் பயிற்சிப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்கியதும் எதிர்ப்பு மூண்டது. செவிலியர் கல்வியை அரசியல் பிரசாரமாக்குகிறார்கள் என்று நாளேடுகள் எழுதின. நாடாளுமன்றக் குழு 1995-இல் விசாரணை நடத்தியது. கவுன்சில் நெறிகளைத் திருத்தி எழுதியதே தவிரக் கைவிடவில்லை. இந்தச் சூறாவளியின் நடுவில் தனிப்பட்ட தாக்குதல்களையும் தாங்கிய ராம்ஸ்டன், 2002-இல் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இதே பொருளில் முனைவர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே காலமானார். தலையணை விஷயத்தில்கூட மாற்றம் வந்தது: தலைக்கானதைத் தனி நிற உறையால் அடையாளப்படுத்தும் வழக்கம் சில மருத்துவமனைகளில் ஏற்பட்டது. இந்தியாவில் படித்து நியூசிலாந்தில் வேலை தேடும் செவிலியரும் இன்று பதிவுக்கு முன் பண்பாட்டுப் பாதுகாப்புப் பாடத்தை முடித்தாக வேண்டும்.

வழிகாட்டலை நிறுவன அமைப்பாக்கும் முயற்சிகள் 2000-க்குப் பிறகு வலுத்தன. மாவோரி மனநலப் பணியாளர் வளர்ச்சிக்காக 2002-இல் தோன்றிய தே ரவு மாதாதினி அமைப்பு, ‘ஹுவாராஹி ஃபகாதூ’ என்ற தொழில் மேம்பாட்டுத் திட்டத்தை மாவோரிச் செவிலியருக்கென நடத்தி, மருத்துவத் திறமையையும் பண்பாட்டுத் திறமையையும் ஒன்றாக மதிப்பிட்டது. முன்பெல்லாம் நோயாளிக்கு மொழிபெயர்ப்பது, குடும்பத்தாரை வரவேற்பது, வேண்டுதல் சொல்வது, சக ஊழியருக்கு வழக்கங்களை விளக்குவது ஆகிய அனைத்தும் மாவோரிச் செவிலியரின் தோளில் கூலியின்றி ஏற்றப்பட்ட கூடுதல் சுமை; அவளது களைப்புக்குப் பெருங்காரணமான அந்த வேலை திறமையாகக் கணக்கில் ஏறியது இத்திட்டத்தில்தான். 2009 அளவில் போரிருவாவின் ஃபிதிரெயா பாலிடெக்னிக்கும், ஃபாகாத்தானேயின் அவானுயிஆரங்கி கல்வி நிலையமும் மாவோரி நெறியில் அமைந்த செவிலியர் பட்டப்படிப்புகளைத் தொடங்கின. அங்கே மாணவரை ‘தவுயிரா’ என்கின்றனர். அச்சொல்லுக்கு மாதிரி, முன்னுதாரணம் என்ற பொருளும் உண்டு.

குறைகள் நீங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக இருக்கும் மாவோரியர், செவிலியரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேராகவே உள்ளனர். குல அமைப்புகள் நடத்தும் சுகாதார நிலையங்களில் பணியாற்றும் செவிலியருக்கு அரசு மருத்துவமனையினரை விடக் குறைந்த சம்பளம் என்ற மனக்குறை பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. மாவோரிச் சுகாதாரத்துக்கென 2022-இல் அமைந்த தனி ஆணையம் 2024-இல் கலைக்கப்பட்டது. அரசின் திட்டங்கள் இப்படி எழுந்து மடியும்போதெல்லாம் எஞ்சி நிற்பவை ஹுயியும் அதில் அமரும் மூத்தோரும்தாம்.

நியூசிலாந்துச் செவிலியர் சங்கத்தின் மாவோரிப் பிரிவு, மாவோரி நலனுக்கு உழைத்த செவிலியருக்கு அகெனெஹி ஹெய் பெயரில் நினைவு விருது வழங்குகிறது. மாவோரிக் கூடல்களில் பேச எழுபவர் எதிரில் இருப்போரை விளிக்கும் முன் இறந்தோரை விளித்து வணங்குவது மரபு. 1910-இல் யாருடைய துணையுமின்றி டைபாய்டுக் கூடாரங்களில் நின்ற பெண், இப்போது அந்த விளிப்பில், அங்கே கூடியிருக்கும் இளம் செவிலியர் அனைவருக்கும் துவாகனாவாக அழைக்கப்படுகிறார்.